செக்ரோல் புத்தகங்களா, பழைய லயமா, நீரூற்றா: எதை முதலில் காப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் உங்கள் இளைஞர் மன்றத்துக்குச் சிறு நன்கொடை கிடைத்திருக்கிறது. ஒரு வருட வேலைக்குத்தான் அது போதும். பழைய ஆபிஸின் பரணிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட செக்ரோல் புத்தகங்கள், அதாவது தொழிலாளரின் வேலைநாளையும் சம்பளத்தையும் பதிந்த பேரேடுகள், வெளியே வந்திருக்கின்றன. ஆளில்லாத பழைய லயம் (தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) ஒன்று விழும் நிலையில் நிற்கிறது, அதைத் திருத்தி அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் இடமான பீலிக்குத் தண்ணீர் தரும் ஊற்றைச் சுற்றி மரம் நட வேண்டும் என்று வேறு சிலர் நிற்கிறார்கள். எதை முதலில் செய்வது என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில், "புத்தகங்களை ஸ்கேன் செய்துவிட்டால் அசலை வைத்திருக்க வேண்டுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதபோது எந்த அளவுகோலை வைத்து ஒன்றைத் தள்ளிப்போடுவது என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: அசலை எறியாதீர்கள்.

நான் தலவாக்கலைப் பக்கத்து லயக் காம்பராவில் (லயத்து அறையில்) பிறந்தவன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் காகித ஆவணங்களைப் பழுதுபார்ப்பதும் பாதுகாப்பதும்தான் என் தொழில். காகிதத்தைப் பற்றியும் ஒலிப்பதிவைப் பற்றியும் நான் சொல்வதை நம்பி வேலையில் இறங்கலாம். கட்டடத்தைப் பற்றி ஓரளவு தெரியும். மலைச்சரிவைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் பேசும் இடத்தில் என்னைத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு மனிதனாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டே ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட பொருள்கள் கையில் கிடைத்ததும் பெரும்பாலானோர் மிகப் பழையதை அல்லது மிக அழகானதை முதலில் எடுப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். தொழிலுக்கு வந்த ஆறாவது வருடம், ஒரு பெரிய கங்காணி குடும்பத்தின் கணக்குப் புத்தகங்கள் என்னிடம் வந்தன. தோல் அட்டை, தடித்த தாள், முத்து முத்தான கையெழுத்து. நான்கு மாதம் அவற்றோடு இருந்தேன். அதே தோட்டத்தில் காமன் கூத்து வாத்தியார் ஒருவர் இருந்தார், வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அவரைப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வழியில் கண்டபோது, "மாசி வரட்டும் தம்பி, காமனை ஊன்றியதும் முழுசாகப் பாடிக் காட்டுகிறேன்" என்றார். தை மாதத்தில் காலமாகிவிட்டார். மருமகள் அவருடைய பாட்டுக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் அடி மட்டும் எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்திருந்தார். மீதி அவருக்கு மனப்பாடம், எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்தக் கொப்பி இன்றும் நல்ல பெட்டியில், நல்ல நிலையில் இருக்கிறது. அந்தப் பாட்டுகளைப் பாட அந்தத் தோட்டத்தில் இன்று எவரும் இல்லை. கணக்குப் புத்தகங்களோ இன்னும் இருபது வருடம் எனக்காகக் காத்திருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எந்தப் பொருளை எடுத்தாலும் இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறேன். இதைப் போன்ற இன்னொன்று வேறு எங்கேயாவது இருக்கிறதா? நாம் ஒன்றும் செய்யாமல் விட்டால் இது எத்தனை காலம் தாங்கும்? வேறு பிரதி இல்லாமலும் காலம் குறைவாகவும் உள்ளது எதுவோ அது முதலில். பழமை, அழகு, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த அளவுகோலில் உங்கள் தோட்டத்தில் முதலிடம் பெறுவது நீங்கள் கேள்வியில் சொல்லாத ஒன்று: முதியவர்களின் நினைவு. இன்று எண்பத்தைந்தைத் தாண்டியவர்கள் 1948இல் நம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது சிறுவர்கள். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் எண்ணிக்கையாகப் பிரித்தபோது அவர்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள். யார் போனார்கள், யார் தங்கினார்கள், ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது யார் யாரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், தலைமன்னாரில் கப்பலேறும் முன் எதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் எந்த அலுவலகக் கோப்பிலும் கிடையாது. ஒப்பந்தத்தின் பிரதி கொழும்பிலும் இருக்கிறது, டில்லியிலும் இருக்கிறது. உங்கள் அம்மாயியின் நினைவுக்குப் பிரதி இல்லை.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. கைத்தொலைபேசியே போதும். மடித்த கம்பளியின் மேல் அதை வையுங்கள். மேசையில் வைத்தால் தட்டும் சத்தமெல்லாம் பதிவாகும். பேசுபவரின் பெயர், தோட்டம், டிவிசன் (தோட்டப் பிரிவு), திகதி ஆகியவற்றை ஆரம்பத்திலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் அந்தக் குரல் அதை அடையாளம் காட்டும். எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், யார் கேட்பார்கள் என்பதை விளக்கி, அவர் சம்மதம் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். யார் வீட்டிலாவது பழைய ஒலிநாடாக்கள், கூத்துப் பதிவுகள், திருவிழாத் தப்பிசை இருந்தால் அவற்றையும் இந்த முதல் வரிசையிலேயே சேர்த்துவிடுங்கள். நாடாவும் கெட்டுவருகிறது, அதைவிட வேகமாக அதை ஓட்டும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் அருகிவருகின்றன. காந்த நாடாக்களை மாற்றியெடுக்க 2025ஐயே எல்லையாகக் கொள்ளும்படி ஒலி ஆவணத் துறையினர் பல வருடங்களாக எச்சரித்து வந்தார்கள். நாம் அந்த எல்லைக்கே வந்துவிட்டோம்.

அடுத்தது செக்ரோல். பழைய கணக்குப் புத்தகம்தானே என்று உங்கள் மன்றத்தில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கு இதைச் சொல்லுங்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டவர்கள், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இந்த நாட்டில் இடைவிடாமல் வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. திருமணமானவர்களுக்கு ஏழு வருடம், ஆகாதவர்களுக்குப் பத்து வருடம். காணி உறுதியோ வரி ரசீதோ இல்லாத ஒரு தோட்டத் தொழிலாளி, தான் இங்கேதான் இருந்தேன் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பார்? பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு) போனதும், பேர் விழுந்ததும் (அன்றைய வேலை கணக்கில் சேர்ந்ததும்) பதிவாகியிருந்த புத்தகம் இதுதான். பிறகு இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்க வந்த 2003ஆம் ஆண்டுச் சட்டமும் 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களையும் அவர்களுடைய வழித்தோன்றல்களையும் பற்றித்தான் பேசுகிறது. ஊழியர் சேமலாப நிதியில் சேவைக்காலச் சிக்கல் வந்து, தோட்ட ஆபிஸுக்கும் தொழில் அலுவலகத்துக்கும் அலைந்தவர்கள் உங்கள் லயத்திலேயே இருப்பார்கள். நம்மில் பலருடைய தாத்தா பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் செக்ரோலாகத்தான் இருக்கும்.

ஆனால் தொடுவதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. அந்தப் புத்தகங்கள் மன்றத்துக்குச் சொந்தமல்ல. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. எனவே எந்த வருடத்துப் புத்தகம் என்பதைப் பொறுத்து அதன் சட்ட நிலையே மாறலாம். தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க தேசிய சுவடிகள் சட்டம் அரச ஆவணங்களைக் கண்டபடி அழிப்பதற்கு எதிரானது. தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கும் ஒரு கடிதம் போட்டு வையுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு, நிர்வாகம் மாறும்போது பின்கட்டில் போட்டுக் கொளுத்துவது சுலபமாக இருக்காது. அப்படிக் கொளுத்தப்பட்ட சாம்பலை நான் ஒரு தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். பாதி எரிந்த ஒரு தாளில் வரிசையாகப் பெண்களின் பெயர்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

நமது மலையில் காகிதத்துக்கு ஒரு நன்மையும் ஒரு கேடும் உண்டு. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். குளிரில் தாள் மெதுவாகத்தான் பழுக்கும், அது நன்மை. ஈரப்பதன் அதிகம், அது கேடு. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே முதல் வேலை உலர்த்துவது. வெயிலில் பரப்பாதீர்கள், மை வெளுக்கும், தாள் சுருளும். நிழலில், காற்றோட்டத்தில், புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்துங்கள். முகக்கவசம் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியை வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை இழுக்காமல், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெதுவாகக் கழற்றுங்கள். கஞ்சி போக நன்றாகத் துவைத்துக் காயவைத்த வெள்ளைக் காடாத் துணியில் சுற்றி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். கரையானும் இராமபாணமும் இருட்டும் ஈரமும் உள்ள மூலையைத்தான் தேடி வரும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

இரண்டு காரியங்களை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு முழுதாக எடுப்பது மிகக் கடினம். லாமினேட்டும் செய்யாதீர்கள். பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துகிறோம் என்று எத்தனையோ குடும்பங்கள் கடையில் கொடுத்து லாமினேட் செய்திருக்கின்றன. சூட்டோடு உருகி ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் பிரிக்க வழியில்லை. உள்ளே ஈரம் இருந்தால் அது அங்கேயே அடைபட்டுவிடும். என்னிடம் அப்படி ஒரு பத்திரத்தை இரு கைகளிலும் ஏந்திக் கொண்டுவந்த ஒரு தாயிடம், என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்ன நாள் எனக்கு மறக்கவில்லை. கடையில் வாங்கும் பாலிபுரப்பிலீன் உறைக்குள் சும்மா செருகி வைத்தாலே போதும்.

ஸ்கேன் விடயத்துக்கு வருகிறேன். நாற்பது புத்தகங்களையும் ஒரே வருடத்தில் முடிக்க முடியாவிட்டால், 1936 முதல் 1946 வரையிலான புத்தகங்கள் இருந்தால் அவற்றையும், அடுத்து 1964ஐச் சுற்றியுள்ளவற்றையும் எடுங்கள். காரணத்தை மேலே சொன்ன சட்டங்களிலேயே காணலாம். அந்த வரம்புக்கு வெளியே இருந்தாலும் பூஞ்சணம் பிடித்தவற்றை இவற்றுக்கும் முன்னால் வையுங்கள், அவை காத்திருக்காது. ஆவணத் துறையில் பத்து வருடத்துக்கு ஒரு புத்தகம் என்று மாதிரிக்கு வைத்துக்கொண்டு மீதியைக் கழிக்கும் வழக்கமும் உண்டு. கொழுந்து எடைக் கணக்குக்கு அது சரி. மனிதர்களின் பெயர் உள்ள புத்தகத்துக்கு அதை நான் ஏற்கமாட்டேன். இது என் சொந்த முடிவு, என் துறையிலேயே மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

அசலை ஏன் வைத்திருக்க வேண்டும்? நல்ல தாள் இந்தக் குளிரில் உலர்வாக இருந்தால் நூறு வருடம் தாங்கும் என்பதற்கு உங்கள் பரணே சாட்சி. வன்தட்டு சில வருடங்களிலேயே பழுதாகக்கூடும் என்பதும் நிச்சயம். இன்று எடுக்கும் கோப்பை ஐம்பது வருடம் கழித்துத் திறக்க முடியுமா என்பது அதைத் தொடர்ந்து புதிய சாதனங்களுக்கு மாற்றிக்கொண்டே வரும் மனிதர்கள் இருப்பார்களா என்பதைப் பொறுத்தது. அதனால் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று கட்டாயம் வேறு ஊரில் என்று வையுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்களும், அவற்றோடு வேறு பிரதியே இல்லாத ஏடுகளும் ஒரே இரவில் போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் அதன் விலை அதுதான். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தோடு பேசிப் பாருங்கள். ஆனால் செக்ரோலில் கடன், அபராதம், வேலை நீக்கம் எல்லாம் பெயரோடு இருக்கும்; அந்தக் குடும்பங்கள் பக்கத்து லயத்திலேயே வாழ்கின்றன. அவர்களைக் கேட்காமல் அந்தப் பக்கங்களை இணையத்தில் திறந்துவிடாதீர்கள். பிரதி எடுப்பது இந்த வருடம் நடக்கட்டும், வெளியிடுவதை அவர்களோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள்.

லயத்தைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதைத்தான் தொன்மைச் சின்னமாக இயல்பாகக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தத்தின் திகதி அது. நம்முடைய முன்னோர் கோப்பிக் காடு திருத்த இந்த மலைக்கு வந்தது அதற்குப் பிறகு. ஆக, நம்முடைய லயம், பிரட்டுக்களம், கோயில், ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) எதுவும் தானாக அந்தப் பாதுகாப்புக்குள் வராது. அமைச்சர் வர்த்தமானியில் தனியாக அறிவித்தால்தான் உண்டு. இது திருத்தப்பட வேண்டிய சட்டம் என்பது என் உறுதியான எண்ணம். இருந்தாலும் இந்த வருடத்துப் பணத்தை அந்தக் கட்டடத்தில் போடச் சொல்லமாட்டேன். கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், ஒருமுறை எல்லோருமாகப் போய்ப் பாருங்கள். கட்டடத்தை நிறுத்தி வைப்பதற்கு வருடாவருடம் ஆளும் பணமும் வேண்டும் என்பது அங்கே புரியும். லயங்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன, மக்கள் இன்னும் அவற்றில் வசிக்கிறார்கள். கூரை ஒழுகும் காம்பராவில் பிள்ளைகளோடு படுத்திருக்கும் குடும்பத்தின் கண்முன்னே ஆளில்லாத லயத்துக்குப் புதுக் கூரை போடுவது சரியா என்பதை அந்தக் குடும்பங்களிடமே கேளுங்கள்.

இப்போதைக்கு மழை உள்ளே இறங்காதபடி பழைய தகரத்தால் கூரையை மூடுங்கள். நாடா பிடித்து ஒவ்வொரு காம்பராவையும் அளந்து வரைந்து, எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அடுப்படிச் சுவரின் புகைக்கரியைத் துடைத்து வெள்ளையடிக்காதீர்கள், வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டியதே அதுதான். பழைய சுண்ணாம்புச் சாந்தின் மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளுக்குள் உளுத்துப்போகும், இதில் சந்தேகம் கிடையாது.

கடைசியாக நீரூற்று. ஒரு வகையில் இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் மனிதர்களோடு மண்ணுக்குள் போயின. தப்பியவர்களில் பலரிடம் அடையாள அட்டையோ ஒரு புகைப்படமோகூட மிஞ்சவில்லை. நீங்கள் புத்தகங்களை வைக்கப்போகும் கட்டடத்துக்கு மேலே உள்ள சரிவு உறுதியானதா என்று தெரியாமல் அவற்றை அங்கே அடுக்குவதில் பொருளில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வரைபடங்கள் இருக்கின்றன. உங்கள் டிவிசன் அதில் எங்கே வருகிறது என்று பிரதேச செயலகம் மூலம் கேளுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், இல்லாத இடத்தில் திடீரென ஊற்று, தெளிந்த ஊற்றில் கலங்கல் ஆகியவற்றைக் கண்டால் ஆவணங்களை மறந்துவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள்.

நெடுங்காலத்தை நினைத்துச் செய்த ஒரு வேலை நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. 1873இல் ஜோசப் ஹுக்கர் என்ற தாவரவியலாளர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று ஆங்கில அரசுக்கு ஆலோசனை சொன்னார். ஹோட்டன் சமவெளியின் காடு இன்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கீழே கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் மொட்டையடிக்கப்பட்ட சரிவுகளில்தான் நம் மக்கள் குடியமர்த்தப்பட்டார்கள், இன்றும் சரிவது பெரும்பாலும் அவைதான். உங்கள் காட்டுத்துண்டு சிறியதாக இருந்தாலும் அதில் மிஞ்சியுள்ள நாட்டு மரங்களை வெட்டாமல் காப்பது புதிதாக நடுவதைவிட முக்கியம். நட்ட கன்று மண்ணைப் பிடிக்கப் பல வருடம் ஆகும். அதுவரைக்கும் மழைத்தண்ணீரை வடித்துவிடும் வாய்க்காலான கான்தான் காப்பு. பழைய கான்கள் தூர்ந்து கிடந்தால் மழைத்தண்ணீர் சரிவுக்குள்ளேயே இறங்கி மண்ணைக் கனக்க வைக்கும். யூகலிப்டஸ் ஊற்றை வற்றச் செய்கிறது என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். அது நிறையத் தண்ணீர் குடிக்கும் மரம் என்பது உண்மை. உங்கள் ஊற்று வற்றியதற்கு அதுதான் காரணமா என்பது மழையையும் மண்ணையும் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். வனத் திணைக்களத்தாரை அழைத்துக் காட்டாமல் வளர்ந்த மரத்தில் கோடரி வைக்காதீர்கள், வேர் செத்தால் சரிவு இளகும்.

இந்த வேலைக்குப் பணத்தைவிடக் கைகள்தான் அதிகம் தேவை. மாதம் ஒரு சிரமதானம் வைத்துக் கான் வெட்டலாம், ஊற்றைச் சுற்றி வேலி கட்டலாம். அதனால் உங்கள் மன்றத்தில் இரண்டு தரப்பும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. நன்கொடையின் பெரும்பகுதி ஒலிப்பதிவுக்கும் புத்தகங்களுக்கும் போகட்டும், கொஞ்சம் லயத்தின் தகரத்துக்குப் போகட்டும்.

தொடங்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன், இது எனக்குப் பலமுறை பலித்தது. உலர்த்திய புத்தகங்களில் மிகப் பழையதை எடுத்து, ஒரு பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் டிவிசனில் வயதில் மூத்த பாட்டியிடம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் உட்காருங்கள். ஒலிப்பதிவை ஓடவிட்டு, அந்தப் பக்கத்திலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக உரத்து வாசியுங்கள். தோட்ட ஆபிஸ் கிளாக்கர் தாறுமாறாக எழுதிய பெயர்களைப் பாட்டியே திருத்திச் சொல்வார், யார் மகள், எந்த லயம், எந்தக் கப்பலில் போனாள் என்று தொடர்வார். சில பெயர்களுக்குப் பிறகு நீண்ட நேரம் பேசாமல் இருப்பார். அப்போது அடுத்த பெயரை வாசிக்க அவசரப்படாதீர்கள், ஒலிப்பதிவையும் நிறுத்தாதீர்கள்.